தவசிக்கனி சில்க்ஸ் பொம்மைகளுக்குப் பால் சுரந்த கதை

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவில், பஸ் நின்றாலும் டிரைவர் என்ஜினை அணைக்காத ஓர் ஊர் எங்களுடையது. அந்த ஊரில் மூன்று மாடி எழுப்பி, மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் வைத்து, லிஃப்டில் ஏறி இறங்குவதற்காகவே சுற்றுப்பட்டு ஜனங்களை வரவழைத்தவர் தவசிக்கனி அண்ணாச்சி. அவருடைய ஜவுளிக்கடை வாசலில், கண்ணாடிக்குப் பின்னால் பட்டுக் கட்டி நிற்கும் நாலு பொம்மைகளுக்கு ஓர் ஆடி மாதம் பால் சுரந்தது. எப்படிச் சுரந்தது என்று எங்களில் யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. சுரந்ததை யார் துடைப்பது என்பதுதான் முதலில் வந்த பிரச்சினை.

துடைக்கச் சொன்னது பிரம்மசக்தியை.

பிரம்மசக்தி பட்டு செக்‌ஷனில் சேல்ஸ் கேர்ள். பத்தாவது முடித்த கையோடு கடைக்கு வந்தவள், கல்யாணமாகி, பிள்ளையுண்டாகி, வயிறு கவுண்டரில் இடிக்கிற வரைக்கும் நின்றபடியே சேலை விரித்தவள். பிள்ளை பிறந்த மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பிவிட்டாள், ஏனென்றால் ஆடித் தள்ளுபடி யாருடைய பிள்ளைக்காகவும் காத்திருக்காது என்று அண்ணாச்சி ஆள் அனுப்பியிருந்தார். புருஷன் சப்பாணிமுத்துவுக்குப் பஞ்சாலையில் ராத்திரி ஷிஃப்ட். பகலில் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒரு கண்ணால் தூங்கி ஒரு கண்ணால் பார்த்துக்கொள்வான். நியூமராலஜிக்காரரிடம் கேட்டு அந்தப் பெண்பிள்ளைக்கு த்ருவிக்‌ஷா என்று பெயர் வைத்திருந்தார்கள். தெருவில் ஒருத்தருக்கும் அது வாயில் நுழையாததால் பாப்பா என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். பாப்பாவுக்குப் புட்டிப்பால் ஆகாது. புட்டியைக் காட்டினால் நேர்மையான தாசில்தார் லஞ்சக் கவரைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் பசி வந்ததும் சப்பாணிமுத்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்தெருவிலிருந்து கடைக்கு வருவான்.

கடையில் ஃபுளோர் மேனேஜர் கொம்பையா. கழுத்தில் டை, முகத்தில் பவுடர், கண்ணில் யாராவது சுவரில் சாய்ந்துவிடுவார்களோ என்ற கவலை. அவரிடம்தான் பிரம்மசக்தி முதலில் கேட்டாள்.

"சார், பிள்ளைக்குப் பால் குடுக்க ஓரமா ஒரு எடம் வேணும் சார். சட்டுன்னு வந்துருவேன்."

"இது ஜவுளிக்கடையா, ஆஸ்பத்திரியா? நாலு ஆம்பளைங்க வந்து போற எடம்மா. அசிங்கமா இருக்காது?"

பக்கத்தில் ரவிக்கைத் துணியை மடித்துக்கொண்டிருந்த ஜெபமணி அக்கா தலையைத் தூக்கினாள். ஜெபமணிக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டன. இனிமேல் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்கிற வயது அவளுக்கு.

"மூணாவது மாடில ஒருத்தன் வெறும் ஜட்டியோட ஆளுயரத்துக்கு நிக்கானே சார், படத்துல. அது அசிங்கமில்லியா?"

"அது வியாபாரம்," என்றார் கொம்பையா.

வியாபாரம் இல்லாத காரியத்தைப் பிரம்மசக்தி ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு செய்தாள். அது ஆபத்தான இடம் என்று கொம்பையா தடுத்தார். பிறகு டிரையல் ரூமில் செய்தாள். சுடிதார் போட்டுப் பார்க்க வந்த ஒரு கஸ்டமர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் புகார் சொன்னாள். கொம்பையா எல்லோரையும் படிக்கட்டில் நிற்கவைத்து, டூட்டி நேரத்தில் எந்தப் பிள்ளையும் கடைக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று அறிவித்தார். அன்றைக்கு மத்தியானம் பின்தெருவில் பாப்பா அழுதது ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பிரம்மசக்தி பாத்ரூமில் மாப்புக் குச்சிக்கும் பினாயில் கேனுக்கும் நடுவில் நின்று, வலி தாங்காமல், பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் விட்டாள். தண்ணீர் திறந்து அதைக் கழுவினாள். முகத்தையும் கழுவினாள். மாம்பழ நிறப் பட்டு கேட்டு வந்த ஒரு கல்யாண வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே விரித்துக் காட்டினாள்.

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கினால், கண்ணாடிக்குப் பின்னால் நாலு பொம்மைகளின் ரவிக்கையிலும் வட்ட வட்டமாக ஈரம்.

அவை பம்பாயிலிருந்து வந்த பொம்மைகள். கழுத்து கொக்கு மாதிரி, இடுப்பு ஒரு கைப்பிடி. அப்படியொரு இடுப்பை வைத்துக்கொண்டு எந்தப் பொம்பளையும் ஒரு குடம் தண்ணீர் தூக்கியிருக்க முடியாது என்று ஜெபமணி அடிக்கடி சொல்வாள். கொம்பையா ஏசி ஒழுகுகிறது என்று மெக்கானிக்கை வரவழைத்தார். மெக்கானிக் ஏணியில் ஏறி மேலே பார்த்தான், இறங்கிப் பொம்மையைப் பார்த்தான், கூச்சத்தோடு வேறு பக்கம் பார்த்தான்.

"ஏசி ஒழுகினா தலையில ஒழுகும் சார். இது எடம் வேற."

சத்தம் கேட்டு அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். ஜவுளிக்கு வருவதற்கு முன் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், எதையும் நாக்கில் வைத்துப் பார்த்தே பழகியவர். ஒரு பொம்மையின் ரவிக்கையில் விரலை ஒற்றி வாயில் வைத்தார். கடை முழுக்க அவர் வாயையே பார்த்தது.

"பால்வே," என்றார். "தண்ணி கலக்காத பால்."

"நான் அன்னிக்கே நெனச்சேன் அண்ணாச்சி," என்றார் கொம்பையா. என்றைக்கு, என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு எங்கள் ஊர் அந்தப் பாலை ஏற்றுக்கொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். ரேஷன் கடையில் புது அரிசி வந்தால்கூட நாலு பேர் கிள்ளிப் பார்த்துக் குறை சொல்லுவோம், இதில் ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. பால் சொசைட்டி செயலாளர் லாக்டோமீட்டரோடு வந்து முக்கிப் பார்த்து, டிகிரி சரியாக இருக்கிறது, தன் சொசைட்டியில் ஊற்றுகிற பாலைவிடச் சரியாக இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொல்லித் தன் சொசைட்டியின் மானத்தையும் வாங்கினார். ஆடி மாதம் என்பதால் அம்மன்தான் இறங்கியிருக்கிறாள் என்றார்கள் ஒரு தெருக்காரர்கள். மாதாதான் என்றார்கள் இன்னொரு தெருக்காரர்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை, வெறும் காற்று ஈரப்பதம் என்று மூன்று பீரியடு பாடம் நடத்திய அறிவியல் வாத்தியார், சாயந்திரம் தன் மனைவியோடு வரிசையில் நின்றார். ஆண்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, பொம்மைகளின் மாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி முந்தானையால் மூடிப் பிள்ளைக்குப் பால் கொடுத்தால், அதே ஆண்கள் பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டுப் பேப்பரைத் தூக்கி 'காலம் கெட்டுப்போச்சு' என்பார்கள். பொம்மை விஷயத்தில் காலம் கெடவில்லை.

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் உருகிப்போய், "பால் குடுக்கிற ஒடம்பு, எம்புட்டு நேரம் அதுக நிக்கும்? பாவம்," என்றாள். அந்தச் சொல் அண்ணாச்சியின் மனதைத் தைத்தது. உடனே தரைத்தளத்தில் துண்டும் வேட்டியும் அடுக்கியிருந்த மூலையைக் காலிசெய்து, தச்சனைக் கூப்பிட்டு, தடுப்பு வைத்து, ஓர் அறை கட்டினார். அதில் ஏசி, பூப்போட்ட திரைச்சீலை, மெத்தை தைத்த நாலு நாற்காலி. பொம்மைகளுக்குக் கால் மடங்காது என்பதால் தச்சன் அவற்றை இடுப்போடு கழற்றி, மேல்பாதியை நாற்காலியில் உட்காரவைத்துச் சேலையால் மூடினான். கழற்றிய எட்டுக் கால்களும் மாடிப்படிக்கு அடியில் சுவரைப் பார்த்து நின்றன. அறை வாசலில் அண்ணாச்சி ஒரு போர்டு மாட்டினார்: 'தாய்மார்கள் ஓய்வில் இருக்கிறார்கள். சத்தம் போடாதீர்கள்.'

பெண்கள் தூக்குவாளியில் பூண்டுப் பாலும் பால்சுறாப் புட்டும் கொண்டுவந்து பொம்மைகளுக்கு முன்னால் வைத்தார்கள். பால் நன்றாக ஊற வேண்டுமல்லவா. சாயந்திரம் அதையெல்லாம் கொம்பையா சாப்பிட்டார், அவர் கன்னம் பளபளவென்று ஆனது. பொம்மைகள் நனைத்த சேலைகளை 'பால் பட்ட சேலை' என்று தனி மேஜையில் போட்டதும், வளைகாப்பு வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் பிரம்மசக்தியின் வேலை, பொம்மைகளின் ரவிக்கையை மாற்றுவது, துண்டால் ஒற்றி எடுப்பது, திரையை இழுத்து மூடுவது. "நோகாமத் தொடைக்கணும்மா," என்று அண்ணாச்சியே வந்து சொல்லிவிட்டுப் போனார். அவளுடைய ரவிக்கைக்குள் அவள் மடித்து வைத்த வெட்டுத் துணி காலை முடிவதற்குள் ஊறிவிடும். அதைப் பார்த்த கொம்பையா, கஸ்டமர் முகம் சுளிப்பார்கள் என்று மேலே ஒரு கறுப்புக் கோட்டு போடச் சொன்னார். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அவள் ஏசி அறையில் பிளாஸ்டிக்கைத் துடைத்தாள்.

முதலில் கண்டுபிடித்தது ஜெபமணிதான். ஒரு மத்தியானம் திரையை விலக்கி உள்ளே வந்தவள், பொம்மைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, காதக் குடு. பின்தெருவுல உன் பிள்ள அழுதா?"

"அழுதுக்கா."

"இங்க பாரு."

நாலு பொம்மைகளுக்கும் ஒரே நேரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அழுகை நின்றதும் நின்றது. மறுபடி எழுந்ததும் இறங்கியது.

"உனக்கு எறங்க வேண்டியது இதுகளுக்கு எறங்குதுட்டி," என்றாள் ஜெபமணி. பிறகு பிரம்மசக்தியின் நெற்றியில் புறங்கையை வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள். "இதென்ன, அடுப்பு மாதிரி கொதிக்கி?"

பால் கட்டிக் காய்ச்சல். இரண்டு மாரும் கல்லாக இறுகி, கையைத் தூக்கினால் உயிர் போனது. கொம்பையாவிடம் வீட்டுக்குப் போகக் கேட்டால், தரிசன நேரத்தில் யார் துடைப்பது என்றார். அதே நேரம் சப்பாணிமுத்து அழுகிற பிள்ளையோடு கடை வாசலில் வந்து நின்றான். வாட்ச்மேன் தடுத்தார். பாப்பாவின் குரல் கட்டிப்போய், அழுகைக்குப் பதிலாகக் காற்றுதான் வந்தது. பிரம்மசக்தி கறுப்புக் கோட்டைக் கழற்றித் தரையில் போட்டாள். வாசலுக்கு நடந்தாள். பிள்ளையை வாங்கினாள். பட்டு, கல்லா, வரிசை எல்லாவற்றையும் தாண்டி நடந்து அந்த அறைக்குள் போய், ஒரு பொம்மையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கடைக்குள் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் தெரியாத கொம்பையா, தரிசன நேரம் ஆகிவிட்டதென்று திரையை ஆடம்பரமாக விலக்கினார். கைகூப்பி நின்ற கூட்டம், மூன்று பொம்மைகளுக்கு நடுவில் முந்தானை போர்த்திய ஒரு நிஜப் பெண்ணும், அவள் மடியில் உதைக்கிற இரண்டு சின்னக் கால்களுமாகப் பார்த்தது.

"இது யாரு?"

"சேல்ஸ் கேர்ள்."

"சீ. கொஞ்சமாச்சும் வெக்கம் வேண்டாம்?"

அந்த நிமிஷம் பொம்மைகளுக்குப் பால் நின்றது. கூட்டம் நெடுநேரம் காத்திருந்தது, ஒரு பெரியவர் பாட்டுக்கூடப் பாடிப் பார்த்தார். பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காகவே இருந்தது.

அண்ணாச்சி வியாபாரி. ஜெபமணி கண்டுபிடித்ததை அவரும் அன்று சாயந்திரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பிள்ளை குடித்தால் பொம்மைக்கு இல்லை. அந்தப் பிள்ளை குடிக்காவிட்டால் ஊருக்கே திருவிழா. மறுநாள் காலை பிரம்மசக்தியின் வீட்டுக்கு ஒரு கோஷ்டி வந்தது. தட்டில் ஆப்பிள், சாத்துக்குடி, ஒரு டஜன் பால்பவுடர் டப்பா, மேலே ஒரு பட்டுச் சேலை. அண்ணாச்சி கூச்சத்தோடு பின்னால் நின்றுகொள்ள, வியாபாரிகள் சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"தாய்மைங்கிறது எவ்வளவு புனிதமான விஷயம். அத உலகத்துக்குக் காட்டுற பாக்கியம் நம்ம ஊருக்குக் கெடச்சிருக்கு. அதனால நீ என்ன செய்யணும்னா தாயி, பிள்ளைக்குப் பால் குடுக்கிறத நிறுத்திக்கணும்."

ராத்திரி ஷிஃப்ட் முடித்துப் பாதித் தூக்கத்தில் இருந்த சப்பாணிமுத்து கண்ணைத் திறந்தான். "பிள்ளைக்குப் பசிக்குமே?"

"ஊருக்குப் பொதுவா யோசிங்க தம்பி."

பிரம்மசக்தி எழுந்து, பாப்பாவைத் தலைவரின் மடியில் வைத்தாள்.

"சரிங்க. உங்கள்ல யாராச்சும் இத இப்பப் பசியாத்திக் காட்டுங்க. நான் நிறுத்திக்கிடுதேன்."

பாப்பா தலைவரின் சட்டையில் முகத்தைத் தேய்த்துத் தேடியது. பையில் இருந்த மூக்குக் கண்ணாடி கிடைத்தது. அதைக் கடித்துப் பார்த்தது. பிடிக்கவில்லை. பிறகு வாயைத் திறந்து, சங்கத்தின் இத்தனை வருடப் பொதுக்குழுவில் யாரும் போடாத ஒரு சத்தத்தைப் போட்டது. தலைவர் ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டினார். கிலுகிலுப்பைபோல ஆட்டினார். பக்கத்தில் இருந்தவரிடம் பிள்ளையைத் தள்ளினார், அவர் அண்ணாச்சியிடம் தள்ளினார். அண்ணாச்சி அதைத் தாயிடமே நீட்டினார். பிரம்மசக்தி வாங்கி, திரும்பி உட்கார்ந்து, கொடுத்தாள். வீடு அமைதியானது.

"போயிட்டு வாங்க," என்றாள் திரும்பாமலே. "தட்டையும் எடுத்துக்கிடுங்க."

பொம்மைகள் அதோடு வற்றின. எங்கள் ஊர்க் கூட்டமும் வற்றியது. கழுகுமலை ரோட்டில் ஒரு மின்கம்பம் பக்திப் பாட்டு முனகுகிறது என்று கேள்விப்பட்டு, நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனோம். கொம்பையா பிரம்மசக்தியை இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அறையைப் பிரித்து மேட்சிங் சென்டர் ஆக்கத் தச்சனுக்கு ஆள் போனது.

அந்த ஆடியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அண்ணாச்சி ஷட்டரைத் தூக்கிக் கொஞ்ச நேரத்தில் கடை வினோதமாக இருப்பதைக் கவனித்தார். சத்தமில்லை. கவுண்டருக்குப் பின்னால், படிக்கட்டில், தூணோரத்தில் வேலை பார்க்கிற எல்லாப் பெண்களும் பட்டுக் கட்டி, ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையை ரோஜாப்பூ பிடிப்பதுபோல வளைத்து, இமைக்காமல் நின்றார்கள். வாசல் கண்ணாடிக்குப் பின்னால், பொம்மைகள் நின்ற இடத்தில், வேலையை விட்டு நிறுத்தப்பட்ட பிரம்மசக்தி நின்றாள்.

"ஏ ஜெபமணி, என்னம்மா இது?"

ஜெபமணி அவருடைய தலைக்கு மேலே தூரத்தில் எதையோ பார்த்தாள்.

கூட்டம் வந்து குவிந்தது. "புது மாடல் போல. தத்ரூபமா இருக்கு," என்று ஒருத்தி ஜெபமணியின் கன்னத்தைக் கிள்ளினாள். இன்னொருத்தி அவள் கழுத்தில் விலைச்சீட்டு தேடினாள். யாரும் சேலை எடுத்துப் போடவில்லை, யாரும் விலை சொல்லவில்லை. கொம்பையா டையைத் தோளில் போட்டுக்கொண்டு விரித்தார். அண்ணாச்சி விரித்தார். மடித்தார். ஒரு வீட்டுக்காரர்கள் மலைபோல் விரிக்கவைத்துவிட்டு, பார்டர் பிடிக்கவில்லை என்று போனார்கள். மத்தியானத்துக்குள் அண்ணாச்சியின் கணுக்கால் பூரிபோல உப்பியது. உட்கார இடம் தேடினார். கல்லா நாற்காலியில் கஸ்டமர் குழந்தையொன்று ஏறி நின்று ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அது போக, மூன்று மாடிக் கடையில் விற்கிறவர்களுக்கு என்று ஒரு முக்காலிகூட இல்லை என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். கடைசியில் பிரிக்காமல் கிடந்த அந்த அறைக்குள் போய், தரையில் கிடந்த பொம்மைக்குப் பக்கத்தில், மெத்தை நாற்காலியில் விழுந்தார்.

"அண்ணாச்சி, கஸ்டமர் கூப்பிடுதாங்க," என்று கொம்பையா நொண்டிக்கொண்டு வந்தார்.

"காலு போச்சுவே." அண்ணாச்சி பாதத்தைப் பிடித்துக்கொண்டார். "இவளுக எப்படிவே இத்தன வருசமா நின்னாளுக?"

அதற்குள் கொம்பையாவும் தரையில் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் வாசலில் சப்பாணிமுத்து வந்தான். தோளில் பாப்பா. அது தாயைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி அழத் தொடங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் பிரம்மசக்தியின் ரவிக்கையில் இரண்டு வட்டம் விரிந்தது.

"பொம்மைக்குப் பால்!" என்று ஒரு குரல் எழும்பியது. "திரும்ப வந்திருச்சு!" தெருவில் போனவர்கள் நின்றார்கள். செருப்புகள் கழன்றன. கைகள் குவிந்தன. ஒருவர் கண்ணில் தாரைதாரையாகத் தண்ணீர். அத்தனை பேரும் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, பொம்மை கண்ணைச் சிமிட்டியது, சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியது, கூட்டத்தை விலக்கிப் பிள்ளையை வாங்கியது.

"அட," என்றார் அழுதுகொண்டிருந்தவர், ஏமாந்துபோய். "இது பொம்பள."

பிரம்மசக்தி அறை வாசலுக்கு வந்தாள். உள்ளே முதலாளி நாற்காலியிலும் மேனேஜர் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பிள்ளையோடு நின்றாள், அவ்வளவுதான். கடை முழுக்கப் பொம்மைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. கொம்பையா எழுந்தார். பிறகு அண்ணாச்சி, வீங்கிய காலை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காரும்மா," என்றார். வெளியே வந்து பூப்போட்ட திரையைத் தன் கையாலேயே இழுத்து மூடினார். எட்டிப் பார்த்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"பிள்ள பால் குடிக்கி. கும்பிட்டது போதும், அங்கிட்டுப் போய்ச் சேலையப் பாருங்க."

ஜெபமணி இடுப்பிலிருந்த கையை எடுத்து உதறினாள். "எந்தச் சேலைம்மா வேணும்? மாம்பழ நெறமா?" என்று தன் கன்னத்தைக் கிள்ளியவளிடம் கேட்டாள். அவள் வீலென்று கத்தினாள். கடை ஒவ்வொரு கையாக, ஒவ்வொரு இமையாக அசையத் தொடங்கியது.

கூட்டத்தின் ஓரத்தில், கைக்குழந்தையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற ஒரு வெளியூர்ப் பெண் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, உள்ள இன்னொரு சேரு இருக்குமா?"

"நாலு இருக்கும்மா," என்றார் அண்ணாச்சி. "இரு, ஆள எழுப்பிவிடுதேன்." திரைக்கு வெளியிலிருந்தே முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் உள்ளே விட்டுத் துழாவி, நாற்காலியில் இருந்த ஒரு பொம்மையை வெளியே எடுத்தார். வைக்க இடம் தெரியாமல் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நொண்டிக்கொண்டே கல்லாவுக்குப் போனார்.